வேட்பாளர் சரியில்லை என்று வாக்களிக்கும் நாளில் சொல்லி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் எங்கள் சனம் கூடுகிற இடமெல்லாம் தேர்தல் பற்றி ஒரே கதைதான் கேட்கிறது. நிற்கிறவர்களில் ஒருவரும் சரியில்லை, யாருக்குப் போட்டும் ஒன்றும் மாறப்போவதில்லை என்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபம் கிடையாது, சொல்வதில் பாதி உண்மைதான். ஆனால் யார் நிற்பது என்பது பல மாதங்களுக்கு முன்னரே, சில நூறு பேர் கூடிய ஒரு மண்டபத்தில் முடிவாகிவிடுகிறது, பல நேரம் அந்த மண்டபம்கூட இல்லாமல் கட்சித் தலைமையகத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எங்களில் அநேகர் இருப்பதில்லை. இருக்கிற கொஞ்சப் பேரும் கேள்வி கேட்கப் போவதில்லை, கையைத் தூக்கத்தான் போகிறார்கள்.

கட்சியின் பெயரில் ஒருவர் போட்டியிட வேண்டுமானால் கட்சித் தலைவரோ அவர் நியமித்த ஒருவரோ ஒப்பமிட வேண்டும், இதுதான் கனடாவின் சட்டம். அந்த ஒப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமை தனக்குப் பிடித்தவரை நேரே இறக்கலாம், பிடிக்காதவரைப் போட்டிக்குள்ளேயே விடாமல் தடுக்கலாம். 2004 முதல் 2015 வரை முக்கிய கட்சிகள் நிறுத்திய 6,600க்கு மேற்பட்ட கூட்டாட்சி வேட்பாளர்களை, ஜனநாயகம் பற்றி ஆராய்கிற சமாரா நிலையம் ஆராய்ந்து பார்த்தபோது, உட்கட்சிப் போட்டியில் உண்மையிலேயே இன்னொருவரை எதிர்த்து வென்று வந்தவர்கள் 17 வீதம்தான். மிச்சப் பேரோடு தொகுதியில் போட்டிபோட ஒருவரும் இருக்கவில்லை, அல்லது தலைமையே அவர்களை நியமித்துவிட்டது.

இதன் விளைவைப் பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை, பக்கத்து மார்க்கம் யூனியன்வில் தொகுதியைப் பாருங்கள். 2025 தேர்தலில் லிபரல் வேட்பாளராக நின்ற போல் சியாங், ஹொங்கொங் பொலிஸ் தலைக்கு விலை வைத்திருந்த கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜோ டேயை ரொறன்ரோவிலுள்ள சீனத் துணைத்தூதரகத்தில் ஒப்படைத்தால் அந்தப் பணம் கிடைக்கும் என்று பேசியது வெளியே வந்தது, மன்னிப்புக் கேட்டார், மார்ச் 31 அன்று விலகினார். வாக்களிப்புக்கு நாலு கிழமைதான் இருந்தது, கட்சி உடனே இன்னொருவரை நியமித்தது. அந்தத் தொகுதி மக்கள் அவரையும் தோற்கடித்து, கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக்கேல் மாவை அனுப்பினார்கள். அவர் அதே ஆண்டு டிசம்பரில் லிபரல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். இதில் எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி பிழை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு வருடத்துக்குள் இத்தனை நடந்தும், எந்த இடத்திலாவது அங்குள்ள மக்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதே என் கேள்வி.

சரி, போட்டி நடக்கிற இடங்களிலாவது நிலைமை நன்றாக இருக்கிறதா? எங்கள் பகுதியில் நடந்த ஒரு நொமினேஷன் கூட்டத்துக்கு, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்கிற கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. பாடசாலை உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு வெளியே வான் வண்டிகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வயதான அம்மாமார் நிறையப் பேர். அவர்கள் கையில் ஒரு சிறு துண்டு, அதில் யாருக்கு முதலாவது, யாருக்கு இரண்டாவது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேடையில் போட்டியாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, வாக்கைப் போட்டதும் ஆட்களை அப்படியே வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் யாருக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “தம்பி வந்து கேட்டவர், எங்கட ஊர்ப் பெடியன்” என்றார். அந்தப் பெடியன் வீட்டு வாடகை பற்றி என்ன நினைக்கிறார், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எட்டு மணித்தியாலம் காத்திருப்பது பற்றி என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரைக் கூட்டிவந்தவர்கள் அவருடைய அறிவுக்குக் கொஞ்சமும் மரியாதை கொடுக்கவில்லை, என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

இது எங்கள் சமூகத்தில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. 2019இல் டொன் வலி நோர்த் தொகுதியின் லிபரல் நொமினேஷனுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பஸ்ஸில் கொண்டுவரப்பட்டது பற்றி, தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீட்டை ஆராய்ந்த நீதிபதி ஹோக் தலைமையிலான ஆணைக்குழு விசாரித்தது. கட்சிகளின் நொமினேஷன் போட்டிகள் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு வாசலாக இருக்கக்கூடும் என்று அவர் 2024 மே மாத அறிக்கையிலேயே எழுதினார். ஆனாலும் அந்தப் போட்டிகள் இன்றும் கட்சிகளின் சொந்த விதிகளின்படிதான் நடக்கின்றன, பொதுத்தேர்தலை நடத்துகிற எலெக்ஷன்ஸ் கனடா அவற்றை நடத்துவதில்லை. அதே விதிகளில் எங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. லிபரல், கன்சர்வேட்டிவ் கட்சிகளில் 14 வயது நிரம்பிய ஒருவர், குடியுரிமை இன்னும் கிடைக்காத நிரந்தரவாசியாக இருந்தாலும், உறுப்பினராகி வேட்பாளர் தெரிவில் வாக்களிக்கலாம். பொதுத்தேர்தலில் வாக்கில்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும், போன வருடம் வந்திறங்கிய மருமகளுக்கும் இங்கே வாக்கு உண்டு. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் விஷயம் தெரிந்து சேர்ந்தாலே அந்த மண்டபத்தின் போக்கு மாறும், ஏனென்றால் சில நூறு வாக்குகளில் முடிகிற போட்டி அது.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காபரோ ரயில் ஒன்று போதும். 1985இல் ஓடத் தொடங்கிய ஆர்.டி. என்ற அந்த ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்டது, அதற்குப் பிறகு ஓடவே இல்லை. அதற்குப் பதிலாக என்ன கட்டுவது என்ற கதை அதற்குப் பல வருடம் முந்தியது. டேவிட் மில்லர் மேயராக இருந்த காலத்தில் இலகு ரயில் என்றார்கள், 2010இல் ரொப் ஃபோர்ட் மேயராக வந்து சப்வே என்றார், 2013இல் நகரசபை மூன்று நிலையம் என்றது, 2016இல் அது ஒரு நிலையமாகச் சுருங்கியது, 2019இல் மாகாண அரசு கையில் எடுத்துத் திரும்பவும் மூன்று என்றது. ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளரும் எங்கள் வாசலில் நின்று ஸ்காபரோவுக்கு நியாயம் வேண்டும் என்று சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். எப்போது முடியும், காசு யார் தருவது, அதுவரைக்கும் மாற்று பஸ்ஸுக்குத் தனிவழி எங்கே என்று அப்போதே வாசலில் மறித்துக் கேட்டிருந்தால், பதில் தெரியாதவர்கள் யார் என்பதாவது தெரிந்திருக்கும். இன்று கென்னடி நிலையத்தில் பனிக்குள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எங்கள் பிள்ளைகளும், இரவு வேலைக்குப் போகிற எங்கள் பெண்களும்தான்.

வேட்பாளர்களும் இப்போது நன்றாகப் பழகிவிட்டார்கள். தொகுதி மக்கள் ஒழுங்கு செய்கிற வேட்பாளர் கூட்டங்களுக்கு வராமலே வெல்லலாம் என்று கண்டுகொண்டார்கள், ஒன்ராறியோவில் கடந்த சில தேர்தல்களில் வெறும் கதிரையைப் பார்த்துக் கேள்வி கேட்ட தொகுதிகள் பல. ஆனால் தைப்பொங்கலுக்கு வேட்டியோடு வருவார்கள், வணக்கம் சொல்வார்கள், நாங்களும் போய்ப் படம் எடுத்துக்கொள்வோம். வரட்டும், சந்தோஷம். மே 18ஐத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக 2022இல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது எங்களுக்குப் பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறேன் என்ற ஒரு வரியே போதும், வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று ஒரு வேட்பாளர் நினைப்பதற்கு நாங்கள்தான் இடம் கொடுக்கிறோம்.

வாக்களிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 கூட்டாட்சித் தேர்தலில் ஏறத்தாழ 69 வீதம் பேர் வாக்களித்தார்கள், அமெரிக்க வரி பற்றிய பயம் எல்லாரையும் எழுப்பிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்ராறியோ தேர்தலில் 45 வீதம்தான். ரொறன்ரோவின் 2022 நகரசபைத் தேர்தலில் 30 வீதம்கூட வரவில்லை. குப்பை, தண்ணீர், பஸ், பிள்ளைகளின் பாடசாலை என்று எங்கள் வீட்டை நேரே தொடுகிற தேர்தலுக்குத்தான் ஆட்கள் ஆகக் குறைவு!

அடுத்த நகரசபைத் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. இதில் கட்சியும் இல்லை, தலைவரின் ஒப்பமும் இல்லை. நகரசபை உறுப்பினராக நிற்க 25 வாக்காளர்களின் கையெழுத்தும் 100 டொலரும் போதும், ஓகஸ்ட் 21 வரை பெயர் கொடுக்கலாம். வாடகைக்காரர் சங்கத்தில் வருடக்கணக்காக வேலை செய்கிற பெண்கள், கோடை முழுக்கப் பிள்ளைகளுக்கு இலவசமாக விளையாட்டுப் பழக்குகிறவர்கள் என்று தகுதியானவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் போய்க் கேளுங்கள், நில்லுங்கள் என்று சொல்லுங்கள். பேர், புகழ் வேண்டும் என்று தானாக வருகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேட்பாளர் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன, பத்திரிகை நடத்தக் காசு வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் அதே பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தை ஒதுக்கி, எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே ஐந்து கேள்வியை அனுப்பி, வந்த பதிலை அப்படியே போடுங்கள். பதில் தராதவரின் பெயருக்குக் கீழே இடத்தை வெறுமையாக விடுங்கள். இருக்கிற உறுப்பினர்கள் நாலு வருடத்தில் எதற்கு எப்படி வாக்களித்தார்கள் என்று நகரசபையின் பதிவிலேயே இருக்கிறது, அதைத் தமிழில் தாருங்கள், ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டப்படுகிற அம்மா அப்பாமாருக்கு வேறு வழி கிடையாது. செப்டெம்பரில் ஒரு வேட்பாளர் கூட்டத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். கதிரை அடுக்க, தேநீர் ஊற்ற, வயதானவர்களைக் கூட்டிவந்து முழுப் பேச்சையும் கேட்கவைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட, எங்கள் தெருவில் ஆட்கள் இருக்கிறோம். மண்டபம் பிடிப்பது கஷ்டம், ஆகையால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்