ராத்திரிக் கையெழுத்து

டேய் சுந்தரம்,

தீபாவளிக்கே போட்டிருக்க வேண்டிய கடிதம். திட்டுவதை போனில் வைத்துக்கொள். இங்கே மாம்பலத்தில் எல்லாரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர.

சின்னவள் சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். அண்ணா நகர் கோச்சிங்கிலிருந்து வந்ததும், "அப்பா, நீங்கதான் சாஸ்திரி பவன் சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டினவராச்சே, கேள்வி கேளுங்க" என்று தலையணை சைஸ் புத்தகத்தை மடியில் போட்டுவிடுகிறாள். மூக்கன் வாத்தியார் வகுப்பில் நாம் எப்படிக் குடிமையியல் படித்தோம் என்பதை அவளிடம் உளறிவைக்காதே.

எங்கள் ஆபீசுக்கு ஜீப் வாங்கினாலும் 'குடியரசுத் தலைவரின் அனுமதி தெரிவிக்கப்படுகிறது' என்றுதான் கடிதம் வரும். "பாவம்டா, டயரையும் அவரேவா பார்க்கணும்?" என்பாய். பெயர் அவருடையது, முடிவு மந்திரிசபையுடையது. அந்த ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள்.

ஆனால் மந்திரிசபையே கூடாவிட்டால்? 1975 ஜூன் 25 ராத்திரி இந்திரா காந்தி அனுப்பிய காகிதத்தில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். நெருக்கடி நிலை வந்துவிட்டது. மந்திரிகளை அழைத்துச் சொன்னது மறுநாள் விடிகாலையில்! இதற்கும் விதி இருக்கிறதடா. 1961-ஆம் வருஷத்து மத்திய அரசு அலுவல் விதிகளில் 12-ஆவது: அவசரமென்றால் பிரதமர் நடைமுறையைத் தாண்டலாம், மந்திரிசபை பின்னால் ஒப்புக்கொண்டால் போதும். 2019 நவம்பரில் மகாராஷ்டிராவில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விடிவதற்குள் விலக்கியதும் இதே விதியை வைத்துத்தான்.

நெருக்கடி நிலைக்கு மட்டும் 1978-இல் 44-ஆவது திருத்தம் பூட்டுப் போட்டது. மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம். அதே திருத்தம், ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தது. 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன காகிதத்தை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்ப, டெல்லியில் அப்படியே விட்டுவிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்ப் என்று இனிமேல் பேசினாயோ, உதை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ராத்திரிக் காகிதத்தையும் யாரோ ஒருத்தர் டைப் அடித்திருப்பார். "இப்ப போட்டு அனுப்புய்யா, நோட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று என்னிடமும் மேலதிகாரிகள் சொன்னதுண்டு; உனக்குத்தான் தெரியுமே. நாளைக்கு இவளிடமும் சொல்வார்கள். மேலதிகாரி வாயால் உத்தரவு போட்டால் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்கு என்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குகிறவன் எந்த ஊருக்குத் தூக்கியடிக்கப்படுவான் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதையெல்லாம் இப்போதே அவளிடம் சொல்லலாமா, மெயின்ஸ் முடியட்டுமா? நீ பிள்ளைகளோடு மாரடித்தவன், யோசித்து எழுது. பெருமாளிடமிருந்து என் குடையையும் வாங்கி வை.

உன்
ராமு