ஹார்டு பாக்கெட்டில் ஈஸி சோல்டர்: புகார்

அனுப்புநர்: வெள்ளி நகைப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர், நகைப் பட்டறைச் சாமான் விற்பனை நிறுவனம்.

பொருள்: மாற்றி அனுப்பப்பட்ட வெள்ளி சோல்டர் (நகைத் துண்டுகளை உருகிச் சேர்க்கும் பற்று) தகடு.

ஐயா,

போன மாதம் உங்களிடம் வாங்கிய 10 கிராம் பாக்கெட்டில் 'ஹார்டு' என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது அதிகச் சூட்டில் உருகும் ஹார்டு இல்லை, குறைந்த சூட்டிலேயே உருகும் ஈஸி. போனில் சொன்னேன். "சூடு அதிகமா காட்டியிருப்பீங்க சார்" என்று ஒரு தம்பி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். 22 வருடமாகத் தீ ஊதிப் பற்றவைக்கிறவனுக்கு இதுதான் பதிலா? அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

சேலம் என்றால் எல்லோருக்கும் கொலுசுதான். நான் செய்வது 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி) ஜிமிக்கி. இது ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். கிண்ணத்தின் வாய் 18 மி.மீ., அதைச் சுற்றி 1 மி.மீ. கம்பியில் வளையம். 18உடன் கம்பியின் கனத்தையும் சேர்த்து 3.14ஆல் பெருக்கினால் 60 மி.மீ.க்கு மயிரிழை குறைவு. தாளில் படம் போட்டு, எந்தப் பற்று முதலில், எது கடைசியில் என்று எண் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். வளையத்தின் மூட்டுக்கு ஹார்டு, வளையத்தைக் கிண்ணத்தோடு சேர்க்க மீடியம், கடைசியில் அரும்புகளுக்கு ஈஸி. அடுத்த பற்று குறைந்த சூட்டில் உருகினால்தான் முந்தையது அசையாமல் நிற்கும். ஹார்டு 745 டிகிரி, ஈஸி 650 டிகிரி என்று உங்கள் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறீர்கள்.

வளையத்தைப் பற்றவைத்து, மூட்டு தெரியாதபடி ராவிவிட்டேன். அப்புறம் கிண்ணத்தில் உட்காரவைத்து, வெங்காரம் தடவி, மீடியம் துணுக்குகளை வைத்து ஊதினேன். மீடியம் அசையக்கூட இல்லை. அதற்குள் வளையத்தின் மூட்டில் இருந்த சோல்டர் பளபளவென்று உருகி, வாய் பிளந்துவிட்டது. கைப்பிசகு என்று நினைத்து இரண்டாவதையும் அதே மாதிரி கெடுத்தேன். அந்த ஒன்று என் தப்புதான்.

பிறகு ஒரு செம்புத் தகட்டில் உங்கள் 'ஹார்டு', என்னிடம் இருந்த பழைய ஈஸி, மீடியம், பழைய ஹார்டு என நாலு துணுக்கை வரிசையாக வைத்து அடியிலிருந்து சூடு காட்டினேன். உங்களுடையதும் பழைய ஈஸியும் ஒன்றாக உருகி ஓடின. மற்ற இரண்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. வீடியோ இணைத்திருக்கிறேன்.

வெள்ளிதானே, உருக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். சோல்டர் கலந்ததை உருக்கினால் 925 தரம் நிற்காது. சுத்தம் பண்ணக் கொடுக்க வேண்டும், அதற்குக் கூலி தனி. சோல்டரை அப்பா 'பொடி' என்பார். வெள்ளியும் பித்தளையும் சேர்த்து உருக்கி, தானே ராவி வைத்துக்கொள்வார், கடைச் சரக்கைத் தொடமாட்டார். இப்போது அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. பாக்கெட்டில் 'காட்மியம் இல்லை' என்றும் போட்டிருக்கிறது. பெயரே மாறியிருக்கும்போது அதை எப்படி நம்புவது? என் பட்டறை வீட்டின் பின்கட்டு. காட்மியம் புகை நுரையீரலைக் கெடுக்கும், குழந்தைகள் நடமாடும் இடம்.

பாக்கெட்டின் விலை பெரிதில்லை. உள்ளே என்னென்ன உலோகம் என்று எழுத்தில் தாருங்கள். அதே லாட்டை வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். கெட்ட ஒரு ஜிமிக்கிக்கு மட்டும் இரண்டு நாள் கூலியும் சுத்தம் பண்ணும் செலவும் வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மீதித் தகடு பாக்கெட்டோடு பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்பினால் அவர் கண்முன்னாலேயே ஊதிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்