டைகர் மாத் இறக்கை ஏன் பின்னால் சாய்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள்

விமான அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஹேங்கருக்கு வந்திருந்தேன். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின் முன்னால் நின்று, "றெக்கை ஏன் மாமா பின்பக்கமா சாஞ்சிருக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த உங்கள் ஊழியர், "வேகமாப் போறதுக்குத்தான் பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் பலகையில் பெயர், நீளம், குதிரைத்திறன் தவிர ஒன்றுமில்லையே, அதற்கு நீங்கள்தானே பொறுப்பு?

முழு வேகத்தில் ஓட்டினாலும் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொடாத விமானம் அது. அதில் வேகத்துக்காக இறக்கையைச் சாய்க்க என்ன தேவை இருக்கிறது? சாய்த்தது ஓர் ஆள் உயிரோடு வெளியே குதிப்பதற்காக.

டி ஹாவிலண்ட் நிறுவனம் இதற்கு முன் செய்த மாத் விமானங்களில் பயிற்றுநர் முன் இருக்கையில், மாணவர் பின் இருக்கையில். பயிற்றுநரின் தலைக்கு நேர் மேலே மேல் இறக்கையின் நடுப்பகுதி, அதிலேயே பெட்ரோல் டேங்க், அதைத் தாங்கும் கம்பங்கள் அவர் இருக்கையைச் சுற்றி நாலு பக்கமும். பாராசூட் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தக் கம்பங்களுக்கு நடுவே உடம்பை நுழைத்து வெளியே வர வேண்டும், அதுவும் விமானம் சுழன்றுகொண்டு கீழே விழும்போது. மாணவர் பின்னாலிருந்து குதித்துவிடலாம், பறக்கக் கற்றுக்கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். ராணுவப் பயிற்சிக்கு இது சரிப்படாது என்று பிரிட்டிஷ் விமான அமைச்சகம் மாற்றம் கேட்டது.

லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டாக் லேனில் டி ஹாவிலண்ட் ஆட்கள் செய்தது இதுதான்: மேல் இறக்கையின் நடுப்பகுதியை டேங்க், கம்பங்களோடு அப்படியே முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் இறக்கை தூக்கும் விசையும் முன்னால் போய்விட்டது, விமானத்தின் சமநிலை கெட்டது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். அப்புறம் பார்த்தால் கீழ் இறக்கையின் நுனி தரையை நெருங்கிவிட்டது, அதைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கினார்கள். 1931 அக்டோபர் 26 அன்று அந்த நிறுவனத்தின் சோதனை விமானி ஹியூபர்ட் பிராட் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார், அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் விமானப்படை அதில் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டது. எட்டாயிரத்துக்கு மேல் செய்தார்கள். நம் விமானப்படையும் இந்தியாவிலேயே செய்த எச்.டி.-2 பயிற்சி விமானம் வரும்வரை அதில்தானே பழகியது!

இவ்வளவும் அந்த ஒரு சாய்வுக்குள் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பலகையில் எழுதுங்கள்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. போர் விமானம் என்றால் நடு ஹாலில் விளக்குப் போட்டு நிறுத்துகிறோம், எத்தனை குண்டு சுமக்கும் என்று வரி வரியாக எழுதுகிறோம். அதை ஓட்டியவருக்கு முதன்முதலில் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானம் மூலையில் தூசியோடு நிற்கிறது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் எங்குமே இடம் கிடைப்பதில்லை, பிள்ளைகளோ அதைத்தான் கேட்கிறார்கள். தவறான பதிலோடு அவர்களைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது பெரிய செலவில்லை. இறக்கை ஏன் சாய்ந்திருக்கிறது என்று பலகையில் நாலு வரி, தமிழிலும் இருக்கட்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் முன் இருக்கை தெரிவதே இல்லை, அதனால் பிள்ளைகள் ஏறி நின்று அந்தக் கம்பங்களைப் பார்க்க ஒரு சின்ன மேடை. ஊழியர்களுக்கு அரைமணி நேர விளக்கம். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், உங்கள் பொறியாளர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும், என் பெயர்கூடப் போட வேண்டாம்.

பணிவுடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்