நம்ம ஊர் சொலவடை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வேலூர் என்றதும் ஆபீசில் ஒருவர், "தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை" என்று கிண்டல் செய்ததாகப் போனில் சொன்னாய். நீ சிரித்துவிட்டு வந்துவிட்டாயாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சாமி கதையை முதலில் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறை காலிதான். கல்யாண மண்டபத்து யாளிகளுக்கு நடுவே நாங்கள் கண்ணாமூச்சி ஆடுவோம். ஆனால் பஸ் கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் உன் ஆயா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குடி கும்பிடு?" என்பார் தாத்தா. "வெளியூரு போயிருக்காரு, வருவாரு" என்பாள். 1981 மார்ச்சில் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தையே கொண்டுபோய்க் கோட்டைக்குள் வைத்தார்கள். அவ்வளவுதான், தாத்தா அதன் பிறகு எந்தச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை. "சாமியே திரும்பி வந்துடுச்சி, உன் தம்பி வாங்கின கடன் மட்டும் வரல" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ராஜா இல்லாத கோட்டை என்பதும் அரைகுறைப் பேச்சு. இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி ராஜாவை வெள்ளைக்காரன் இங்கேதான் சிறை வைத்தான். 1832இல் இங்கேயே இறந்தார். திப்பு குடும்பத்தையும் இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். ராஜாக்கள் இருந்தார்கள், வெளியே போகத்தான் விடவில்லை.

பாலாறு விஷயத்தில் என்னால் அப்படி வாதாட முடியாது. கோடையிலும் மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதல் தண்ணீர் கலங்கல். அதை வாரிக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் அடிமணல் தெரியும். கொட்டாங்கச்சியால் மொண்டு, குடத்து வாயில் துணி கட்டி ஊற்றுவாள் ஆயா. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வேறு. 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மணல் இல்லாத ஆற்றில் அந்தத் தண்ணீர் எத்தனை நாள் தங்கும்?

மலையை மட்டும் அவருக்கே விட்டுக்கொடு. மே மாத வெயிலில் அதைப் பார்த்தால் நானே கிண்டல் செய்வேன்.

அப்புறம், பொங்கலுக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்கூட்டியே சொல். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் சந்தைக்கு வந்தால் காலையிலேயே தீர்ந்துவிடுகிறது, அம்மா இப்போதே சொல்லி வைக்கச் சொல்கிறாள்.

அப்பா