டிராகனுக்கு உயிரைக் கூட்டினால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய சந்தோஷம், அதைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பைச் சொல்ல வேண்டும். பாத்திரங்கள் 15ஆம் லெவலைத் தாண்டிவிட்டால் எதிரியின் ஹிட் பாயின்டை (உயிரின் அளவை) இரண்டு மடங்காக்குங்கள், சண்டை சமமாகிவிடும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார். ஆகாது. காட்பாடியில் நாலு வருடமாக ஒரே குழுவுக்கு நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். லெவல் 1-ல் ஆரம்பித்து இப்போது 17-ல் இருக்கிறோம். அவர் சொன்ன அதே வழியைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். (என்கவுன்டர் என்ற சொல்லுக்கு நம் செய்தித்தாள்களில் வேறு பொருள் வந்துவிட்டதால் மோதல் என்றே எழுதுகிறேன்.)

போன வருடம் சித்திரையில், ஒன்றரை வருடமாகப் பேச்சிலேயே வளர்த்து வைத்திருந்த ஏன்ஷியன்ட் ரெட் டிராகனை (நெருப்புக் கக்கும் கிழட்டுச் சிவப்பு டிராகன்) இறக்கினேன். 2014 விதிப் புத்தகங்களின்படி அதற்கு 546 ஹிட் பாயின்ட், ஏசி (அடி பட எதிராளி எட்ட வேண்டிய எண்) 22, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற அளவு) 24, எக்ஸ்பி (வீழ்த்தினால் கிடைக்கும் புள்ளி) 62,000. லெவல் 17-ல் நாலு பேர் இருந்தால் 35,200 எக்ஸ்பியைத் தொட்டாலே அது 'டெட்லி', யாராவது சாகலாம் என்று அதே வருட விதிகள் சொல்கின்றன. அதனால் பயந்துகொண்டுதான் வைத்தேன். நாலாவது ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வந்தால் ஒரு ரவுண்ட்) டிராகன் செத்துவிட்டது. கிளெரிக் (தெய்வத்தின் பேரில் மந்திரம் போடுபவர்) ஆடும் அக்கா காலையிலேயே ஹீரோஸ் ஃபீஸ்ட் மந்திரம் போட்டு எல்லோருக்கும் விருந்து வைத்துவிட்டார், அதைச் சாப்பிட்டவர்களை ஒரு நாள் முழுக்கப் பயம் அண்டாது, டிராகனின் மிரட்டல் அங்கேயே வீண். முன்னால் நின்ற இரண்டு பேரும் நெருப்பைப் பாதியாகத்தான் வாங்கினார்கள், ஒருவர் மோதிரத்தால், ஒருவர் மந்திரத்தால். சேவிங் த்ரோவில் (மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்பப் போடும் பகடை) தோற்றாலும் ஜெயித்ததாக மாற்றிக்கொள்ள டிராகனுக்கு நாளைக்கு மூன்று வாய்ப்பு உண்டு, அந்த மூன்றையும் விசார்ட் (மந்திரவாதி) ஆடும் தம்பியும் அக்காவும் சேர்ந்து இரண்டே ரவுண்டில் தீர்த்துவிட்டார்கள். மிச்சத்தை முன்னால் நின்று அடிக்கும் பலடினும் ஃபைட்டரும் பார்த்துக்கொண்டார்கள்.

சரி என்று அடுத்த பெரிய எதிரிக்கு ஹிட் பாயின்டை இரண்டு மடங்காக வைத்தேன். எங்கள் மேஜையில் இந்த லெவலில் ஒரு ரவுண்ட் ஓட நாற்பது நிமிடம் ஆகும். ஏழு ரவுண்ட் போனது. கடைசி மூன்று ரவுண்டில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, எல்லோரும் பகடையை உருட்டி எண்ணைக் கழித்துக்கொண்டே இருந்தோம், ராணிப்பேட்டையிலிருந்து வரும் அண்ணன் கடைசி பஸ்ஸை விட்டதுதான் மிச்சம்.

புத்தகத்தின் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) என்று வைத்துத்தான் 2014 புத்தகம் கணக்குப் போட்டது. நாம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் கூடுகிறோம், ஒரு சண்டை நடக்கிறது, உடனே கதையில் லாங் ரெஸ்ட் (செலவான மந்திரம் எல்லாம் திரும்பும் நீண்ட ஓய்வு), அடுத்த வாரம் எல்லோரும் முழு மந்திரத்தோடு வந்து உட்காருகிறார்கள். எட்டு மோதலுக்குப் பங்கிட வேண்டியதை ஒரே மோதலில் கொட்டினால் எந்த டிராகன் தாங்கும்? லெவல் 5-ல் இது பெரிதாகத் தெரியாது, கொட்டுவதற்கு அதிகம் இருக்காது. 17-ல் தெரியும். அதனால் இப்போது கதையின் ஒரு நாளை நாலைந்து ஞாயிறுக்கு நீட்டுகிறேன். செலவான மந்திரங்களைக் குறித்த தாள்களை ஆளுக்கொரு உறையில் போட்டு நானே வைத்திருப்பேன், அடுத்த வாரம் அதிலிருந்துதான் தொடர வேண்டும். இந்த ஒன்றுக்கே ஆட்டம் பாதி மாறிவிட்டது.

மீதிப் பாதியை நான் கற்றது கூத்தில். எங்கள் தாத்தா ஊர் அணைக்கட்டுப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும், சின்ன வயதில் பாயில் படுத்தபடியே அரைத்தூக்கத்தில் பார்த்திருக்கிறேன். டிராகன் சண்டை சப்பென்று போன அடுத்த மாதம் திரும்பவும் போய் விடிய விடியப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாரதத்தில் எல்லோருமே 17, 18ஆம் லெவல் ஆட்கள். யாரையும் அவரைவிடப் பெரிய பலசாலி வந்து வீழ்த்துவதில்லை. அபிமன்யுவைக் காப்பாற்ற அர்ஜுனன் வந்திருந்தால் போதும், ஆனால் சம்சப்தகர்கள் (சாகும்வரை போரிடுவதாகச் சபதம் போட்ட வீரர்கள்) அவனை வேறு களத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். மற்ற நாலு பேரையும் ஜயத்ரதன் சக்கர வியூகத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டான், அதுவும் ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் வரத்தை வைத்துக்கொண்டு. அன்றைக்கே அர்ஜுனன் சபதம் போடுகிறான், நாளைப் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையென்றால் தீயில் இறங்குவேன் என்று. ஜயத்ரதன் அர்ஜுனனுக்கு நிகரே இல்லை, எதிரில் நின்றால் ஒரு அம்புக்குத் தாங்க மாட்டான். ஆனாலும் அந்த ராத்திரி கூத்துப் பார்க்கிற ஒருவரும் எழுந்து டீ குடிக்கப் போவதில்லை, ஏனென்றால் சூரியன் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கர்ணன் கதையும் அப்படித்தான், இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான், அது கடோத்கஜன் மேல் போய்விட்டது, அப்புறம் அர்ஜுனனுக்கு என்று கையில் இல்லை.

ஆக, உயர் லெவலில் 'இவர்களால் இதைக் கொல்ல முடியுமா' என்று டிஎம் யோசிப்பதே வீண், முடியும். எத்தனை நேரத்துக்குள், அதற்குள் வேறு எங்கே என்ன பறிபோகிறது, எதைச் செலவழித்தால் திரும்ப வராது, இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்று, சில்லறை எதிரிகள். பலடின் அண்ணனுக்குக் கவசமும் கேடயமுமாக ஏசி 20. பகடையோடு 4 கூட்டிக்கொள்ளும் சாதாரண வில்லாளிக்கு அவரைத் தொட இருபது முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நாலில் ஒரு தடவை. இருபது வில்லாளி என்றால் ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக ஐந்து அம்பு தைக்கும். அதில் உயிர் போகாது, ஆனால் அதே அம்புகள் விசார்ட் மேல் திரும்பினால் ஒவ்வொரு அம்புக்கும் தனித்தனியாக கான்சன்ட்ரேஷன் சேவ் (போட்ட மந்திரம் கலையாமலிருக்க உருட்டும் பகடை) போட வேண்டும், அங்கேதான் திட்டம் குலையும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரு ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) போதும், எல்லோரும் காலி, அதனால் கோட்டை மதில் முழுக்கப் பரப்பி நிறுத்துங்கள். பதினைந்தோ அதற்கு மேலோ எதிரிகள் இருந்தால் எக்ஸ்பியை நாலால் பெருக்கு என்ற பழைய விதி இதையெல்லாம் கண்ணில் காட்டாமல் மிரட்டியது, 2024 புத்தகத்தில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டது நல்ல காரியம்.

இன்னொரு பழக்கத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இந்தக் கோட்டைக்குள் டெலிபோர்ட் (நொடியில் இடம் மாற்றும் மந்திரம்) செல்லாது, இந்த அரக்கனுக்கு எந்த மந்திரமும் ஒட்டாது என்று ஆட்டக்காரர்களின் கையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தம்பி டெலிபோர்ட் வாங்க மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறான். கொடுத்ததைப் பிடுங்குவது அநியாயம். டெலிபோர்ட் இருக்கட்டும். அது ஒரு தடவைக்கு மந்திரக்காரரையும் எட்டுப் பேரையும்தான் கொண்டுபோகும், 17ஆம் லெவல் விசார்டிடம் அதற்குரிய ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒரு நாளைக்கு மூன்றுதான். மூன்றையும் கொடுத்தாலும் இருபத்து நாலு பேர். உள்ளே அறுபது பேரை அடைத்து வையுங்கள், யாரை முதலில் கூட்டிப் போவது என்று அவர்களே தவிப்பார்கள்.

இந்த வருடம் தை மாதம் அப்படித்தான் வைத்தேன். அகழி சூழ்ந்த கோட்டை, எங்களுக்கு அதை விவரிக்கவே தேவையில்லை, கண்ணை மூடினால் வேலூர்க் கோட்டை வந்துவிடும். உள்ளே குயவர் குடும்பத்து ஆட்கள் அறுபது பேர், மதிலில் வில்லாளிகள், கோவில் மண்டபத்தில் ஒரு லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) சடங்கு செய்துகொண்டிருக்கிறது, ஆற்றங்கரையில் ஒரு சின்ன டிராகன் படகுகளை எரிக்கிறது. எட்டாவது ரவுண்ட் முடிவில் பொழுது சாயும், சாய்ந்தால் சடங்கு முடிந்துவிடும். மேஜையில் நாலு அகல் விளக்கு ஏற்றி வைத்து, இரண்டு ரவுண்டுக்கு ஒன்றாக அணைத்தேன். எந்த எதிரிக்கும் ஒரு ஹிட் பாயின்ட்கூட ஏற்றவில்லை. இரண்டு ஞாயிறு ஓடியது. இரண்டாவது ஞாயிறு அக்கா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டு, காலையில் மூன்று மணி நேரம்தான் தூங்கி வந்திருந்தார், ஆனாலும் கண் கொட்டவில்லை.

ஏழாவது ரவுண்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜனங்களில் பாதிப் பேர் இன்னும் அகழிக்கு உள்பக்கம், லிச்சை நெருங்க முடியவில்லை. தம்பியிடம் விஷ் (கேட்டதைத் தரும் மந்திரம்) மட்டும் மிச்சம். அதை வேறொரு மந்திரமாகப் போட்டால் ஆபத்தில்லை, இஷ்டத்துக்கு ஒன்றைக் கேட்டால் இனி வாழ்நாளில் விஷ் போடவே முடியாமல் போக 33 சதவீதம் வாய்ப்பு, விதி அப்படி. "அண்ணா, பொழுது இன்னும் ஒரு நாழிகை நிக்கணும்னு கேட்கலாமா?" என்றான். கேட்கலாம் என்றேன். "வேணாம்டா, வச்சுக்கோ" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் கேட்டுவிட்டான். நான் அணைத்திருந்த விளக்கில் ஒன்றைத் திரும்ப ஏற்றினேன். நூற்றுக்கான பகடையை உருட்டினான், 21 விழுந்தது, 33-க்குள். தன் தாளில் விஷ் என்று எழுதியிருந்ததை அவனே பேனாவால் அடித்தான். அறுபது பேரும் கரையேறினார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காந்தி நகர், காட்பாடி.