தள்ளிப்போட்டதையும் கடன் என்று எழுதுங்கள்

மதிப்புக்குரிய நகரமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

துண்டு விழுந்த பட்ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நாளை எண்ணிக்கொண்டிருக்கும் எல்லா நகரங்களின் மன்றத்தாருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஒரு மாநகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்ஜெட் மாதத்தில் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் மூடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சம்பளத்தில் கை வைக்க முடியாது. வட்டியை நிறுத்த முடியாது. ஓய்வூதியத்தைத் தொட்டால் மறுநாள் வாசலில் கூட்டம் நிற்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்தால், கண் கடைசியில் போய் நிற்கிற இடம் பராமரிப்பு. அதற்காகக் கேட்க ஆள் இல்லை. பாலம் மனு கொடுக்காது, குழாய் கோஷம் போடாது.

ஒரு மோட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். மழைநீரை வெளியேற்றும் நிலையம் ஒன்றில் மூன்றாம் எண் மோட்டார். இரவுப் பணியில் இருந்த இயக்குநர் அதன் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்துவிட்டதைக் கண்டுபிடித்து, மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தார். கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதிய கடிதம், கீழே மூலையில் கிரீஸ் கறை படிந்த கைரேகை. அது பொறியாளர் கையெழுத்தோடு எங்கள் மேசைக்கு வந்தது. அந்த ஆண்டு பள்ளத்தை மூடுவதற்காக அந்த வரியை அடித்தோம். ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்’ என்று குறிப்பு எழுதியது நான்தான். அடுத்த ஆண்டும் கடிதம் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. மூன்று குறிப்பும் என் கையெழுத்தில் அந்தக் கோப்பில் இருந்தன. மூன்றாவது ஆண்டு மழையில் ஒரு ராத்திரி மோட்டார் இறுகி நின்றுவிட்டது. தாழ்வான தெருக்களில் விடியும்வரை தண்ணீர் நின்றது. வாடகை பம்பு, அவசரக் கொள்முதல், நனைந்துபோன மின் இணைப்புகள், நிவாரணம் என்று நாங்கள் செலவழித்த தொகையைக் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பேரிங்கை மூன்று முறை மாற்றியிருந்தாலும் அதில் ஒரு ஓரம்கூட ஆகியிருக்காது.

ஆனால் அந்த மூன்று ஆண்டும் எங்கள் பட்ஜெட் சமன். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. தணிக்கையிலும் ஆட்சேபணை வரவில்லை. இத்தனை நாளாக என்னை அரிப்பது இதுதான். நாங்கள் யாரும் பொய் எழுதவில்லை. செய்யாமல் விட்ட வேலையை எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தள்ளிப்போட்ட வேலை ஒவ்வொன்றும் கடன்தான். கடன் கொடுத்தவர் பெயர் இல்லாத கடன், பத்திரம் எழுதாத கடன், வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிற கடன்.

நியூயார்க் நகரத்துக்கு 1975இல் வந்த பணநெருக்கடியைப் பலரும் வரவுக்கு மீறிச் செலவழித்த கதையாக மட்டும் சொல்கிறார்கள். கணக்கர் கண்ணுக்கு அதில் வேறொன்றும் படும். அன்றாடச் செலவுகள் பலவற்றை அவர்கள் மூலதனச் செலவு, அதாவது கட்டடம், சாலை போல நீண்ட நாள் நிற்கும் சொத்துக்கான செலவு, என்ற தலைப்பின்கீழ் தள்ளி, கடன் வாங்கிச் சமாளித்தார்கள். வசூலாகவே போகாத சொத்து வரியை ‘வரவேண்டியது’ என்று காட்டி, அதன்மேலும் கடன் வாங்கினார்கள். தாளில் எல்லாம் சமன். அந்த ஆண்டு வசந்த காலத்தில் வங்கிகள் இனி உங்கள் குறுகிய காலக் கடன் பத்திரங்களை வாங்க மாட்டோம் என்று கைவிரித்ததும் ஒரே மாதத்தில் எல்லாம் அம்பலமானது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1847இலிருந்து கட்டணமின்றிக் கற்பித்துவந்த நகரப் பல்கலைக்கழகம் 1976இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நகரம் சில மணி நேர இடைவெளியில்தான் திவாலிலிருந்து தப்பியது. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி பத்திரம் வாங்கச் சம்மதித்ததால் நடந்தது அது. பணம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றபோது, வகுப்பறையில் நின்று சம்பாதித்தவர்களின் முதுமைக்கால சேமிப்பு வந்து தாங்கியது. அதைப் படித்தபோது என் மனம் கலங்கிவிட்டது.

அந்தக் கதையின் வால் பதின்மூன்று ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. 1903இல் திறந்த, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தை 1988 ஏப்ரலில் மூடினார்கள். உத்தரங்கள் அரித்துப்போயிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பல பத்தாண்டுகளாகப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டதன் விளைவு. பாலத்தைக் கவனிக்காமல் மிச்சம் பிடித்தவர்கள் யாரும் அப்போது பதவியில் இருந்திருக்க மாட்டார்கள். பாலத்தை மூட உத்தரவிட்டவர்கள்தான் பேச்சு வாங்கினார்கள்.

பராமரிப்பு மட்டும்தான் மறைந்திருக்கும் கடன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பர் 5ஆம் தேதி, சட்டப்படி அத்தியாவசியம் அல்லாத புதுச் செலவுகளையெல்லாம் நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது சம ஊதிய நிலுவை. சமையல், துப்புரவு போன்ற பணிகளில் இருந்த பெண்களுக்கு, அதே தரத்து வேலை பார்த்த ஆண்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகைகள் கிடைக்கவில்லை. அவர்கள் வழக்குக்குப் போனார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதன்பிறகு பல வழக்குகளுக்குப் பணம் கொடுத்தும் சிக்கல் தீராமல், பதினோரு ஆண்டு கழித்து நிலுவை 65 கோடி முதல் 76 கோடி பவுண்டுவரை இருக்கலாம் என்று மன்றமே சொல்லும் நிலை வந்தது. அந்தத் தொகை மிகை என்று பிறகு வாதிட்டவர்களும் உண்டு. தொகை எதுவானாலும் இருக்கட்டும். தரையைத் துடைத்த பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்காமல் ஒரு நகரம் பட்ஜெட்டைச் சமன் செய்திருக்கிறது என்றால், அவள் அந்த நகரத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2024இல் அந்த ஊர்க் குடும்பங்கள் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல் வரியைச் சுமந்தன. நூலகங்களும் இளைஞர் சேவைகளும் வெட்டுப்பட்டன. செலவுக் குறைப்பு எப்போதும் கேட்க முடியாதவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

இனி விதை நெல்லைக் குத்தித் தின்கிற வழி. இது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தருவது. பார்ப்பதற்குச் சாமர்த்தியம் மாதிரியே இருக்கும். 2008 டிசம்பரில் சிகாகோ நகரம் தன் தெருக்களில் இருந்த சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகளை 75 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தது. கிடைத்தது ஏறத்தாழ 115 கோடி டாலர். திட்டம் வெளியே தெரிந்த இரண்டே நாளில் மன்றத்தில் 40க்கு 5 என்று நிறைவேறியது. மறு ஆண்டு நகரத்தின் தலைமை ஆய்வாளரே கணக்குப் போட்டுச் சொன்னார், கிடைத்திருக்க வேண்டியதைவிட 97.4 கோடி டாலர் குறைவு என்று. வந்த பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் பட்ஜெட் பள்ளத்தை மூடவே போய்விட்டது. குத்தகையோ 2080களில்தான் முடியும். இன்று அந்த ஊரில் ஒரு தெருவைத் திருவிழாவுக்கோ பழுதுபார்க்கவோ மூடினால், நின்றுபோன வாகனக் கட்டணத்துக்கு நகரம் ஈடு கொடுக்க வேண்டும். தன் தெருவை மூடத் தானே காசு கொடுக்கிற நிலை. அன்று கை தூக்கிய நாற்பது பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் ஒரு பள்ளம் இருந்தது, மூடுவதற்கு ஒரு தொகை வந்தது, யோசிக்க இரண்டு நாள் கொடுத்தார்கள். உங்களுக்கும் இப்படித்தான் வரும். இரண்டே நாள் அவகாசத்தோடு எந்த ஒப்பந்தம் வந்தாலும், அந்த அவசரம் யாருக்கு என்று கேளுங்கள்.

ஒருமுறை மட்டும் வருகிற பணத்தை மாதாமாதம் வருகிற செலவுக்கு ஒதுக்காதீர்கள். எங்கள் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் மூத்த கணக்கர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. நிலம் விற்று வந்த பணத்தில் நிலம் வாங்கு, கடனை அடை, இல்லாவிட்டால் தொடாமல் வை. அதில் சம்பளம் கொடுத்தாயானால் அடுத்த ஆண்டு நிலமும் இருக்காது, சம்பளமும் இருக்காது என்பார்.

ஃப்ளின்ட் நகரத்தை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. மிச்சிகன் மாநிலத்தில், பணநெருக்கடியில் இருந்த அந்த ஊரின் நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமிருந்து மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளரிடம் போயிருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீர் ஆதாரத்தை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் இறங்கியது, குழந்தைகளின் ரத்தத்துக்குப் போனது. தாய்மார்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2015 அக்டோபரில்தான் பழைய ஆதாரத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் வந்த இழப்பீட்டு உடன்பாடு மட்டும் 62.6 கோடி டாலர். அந்தப் பாட்டில்தான் அந்த ஊரின் உண்மையான கணக்கறிக்கை. அதை வாங்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. நகரம் நோட்டு அடிக்க முடியாது. பல நாடுகளில் பற்றாக்குறையோடு பட்ஜெட் போடச் சட்டமே விடாது. மேலே இருக்கும் அரசுகள் பொறுப்பை இறக்கிவைக்கும், பணத்தை இறக்காது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலை 18 அன்று சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. 1950இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊரில் ஏழு லட்சம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள். ஆள் குறைந்தால் வரி குறையும், ஆனால் சாக்கடையின் நீளம் குறையாது. தெருவிளக்குகளில் நாற்பது விழுக்காடு எரியவில்லை. நிர்வாகத் தவறு அங்கே நிறைய உண்டு; தவறே செய்யாமல் இருந்திருந்தாலும் அது திணறியிருக்கும். ஆகவே பற்றாக்குறை வந்ததற்காக உங்களை நான் குறை சொல்ல வரவில்லை.

நான் கேட்பது ஒரு பக்கம். பட்ஜெட் புத்தகத்தில் வரவு, செலவு, கடன் என்று இருக்கும் பக்கங்களுக்குப் பிறகு, ‘இந்த ஆண்டு செய்யாமல் விட்டவை’ என்று ஒரு பக்கம். எந்தப் பாலம், எந்த மோட்டார், எந்தப் பள்ளிக் கூரை, யாருக்குச் சேர வேண்டிய சம்பள நிலுவை, ஓய்வூதிய நிதியில் எவ்வளவு குறைவாகப் போட்டோம், எத்தனை ஆண்டாகத் தள்ளுகிறோம், இன்று செய்தால் எவ்வளவு, உடைந்த பிறகு செய்தால் எவ்வளவு. பொறியாளர்களிடம் இந்தப் பட்டியல் ஏற்கனவே இருக்கிறது. மேசை அறைகளில் தூங்குகிறது. வரியையும் இதில் சேருங்கள். தேர்தலுக்குப் பயந்து பல ஆண்டு திருத்தாமல் விட்ட சொத்து மதிப்பும் தள்ளிப்போட்ட வேலைதான். ஒரே ஆண்டில் மொத்தமாக ஏற்றினால் அடிபடுவது வாடகைக் குடித்தனமும் சிறு வீட்டுக்காரரும்.

இதைக் காட்டினால் கடன் கொடுப்பவர்கள் மிரள்வார்கள், எதிர்த்தரப்பு மேடையில் வாசிப்பார்கள் என்று என்னிடம் ஒரு உறுப்பினர் முன்பு சொன்னார். மேடையில் வாசிப்பார்கள் என்பது உண்மை. மிரள்வார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. நியூயார்க், நெருக்கடிக்குப் பிறகு, முறையான கணக்கியல் விதிகளின்படிதான் சமன் காட்ட வேண்டும், நான்கு ஆண்டுக்கான நிதித் திட்டத்தையும் வெளியிட வேண்டும் என்ற கட்டுக்குள் வந்தது. 1981 நிதியாண்டில் அப்படியே சமன் செய்தும் காட்டியது. கடன் சந்தை அதற்குத் திரும்பத் திறந்தது. வங்கிகளை 1975இல் விரட்டியது கடனின் அளவு மட்டுமா? கணக்கை நம்ப முடியாமல் போனதும்தான்.

மக்களும் அப்படித்தான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் முதலீட்டுச் செலவில் ஒரு பங்கை எதற்கு ஒதுக்குவது என்று குடியிருப்புவாசிகளையே கூடித் தீர்மானிக்க விட்டது. அப்போது நகரத்தின் கையில் பணம் அதிகம் இல்லை. ஏழைப் பகுதிகளில் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் கேட்டார்கள், எது முதலில் எது பிறகு என்று தங்களுக்குள் பேசி வரிசைப்படுத்தினார்கள். இல்லை என்ற சொல்லை மக்கள் தாங்குவார்கள். எது இல்லை, ஏன் இல்லை, எப்போது வரும் என்று தாளில் இருக்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன்னால் உங்களுக்கு இன்னும் சில நாள் இருக்கும். ஒரு மாலை உங்கள் ஊரின் நீரேற்று நிலையத்துக்குப் போய்வாருங்கள். அதிகாரிகளை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். இரவுப் பணிக்கு வந்தவரிடம், ‘இதில் எது முதலில் நிற்கும்?’ என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் கையைக் காட்டுவார். அந்த மோட்டாரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, பட்ஜெட் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.

அன்புடன்,
மாநகராட்சிக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன்