எங்கள் கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பூஜை முடிந்ததும் மண்டபத்தில் ஒருவரைப் பேச விட்டீர்கள். குளிரூட்டவே தேவையில்லாத மீகடத்திக் கம்பி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் கம்பி) தயார், இனி நம் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, திரும்பி வராது, இப்போதே பங்கு வாங்கினால் லாபம் என்றார். மேடை கொடுத்தது நீங்கள், அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

அவர் காட்டிய வீடியோவில் தெர்மோகோல் கிண்ணத்தில் கறுப்பு வில்லை, அதன்மேல் சின்னக் காந்தம் மிதந்தது. கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளைப் புகை வழிந்தது. எல்லோரும் கைதட்டினோம். ஐயா, குளிரே வேண்டாம் என்றால் அந்தப் புகை எதற்கு? அது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் வேலை செய்யும் மீகடத்தி 1987-லேயே வந்துவிட்டது. கல்லூரிகளில் மாணவர்களுக்கே செய்து காட்டுகிறார்கள்.

அடுத்த வீடியோவில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று, ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடி சாய்ந்து நின்றது. குளிரே வேண்டாத மீகடத்தி என்று 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து அறிவித்த எல்கே-99 என்ற பொருளின் காட்சியும் இதேதான். மற்ற ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன. மின்தடை சட்டென்று விழுந்தது கலப்பாக இருந்த காப்பர் சல்ஃபைடால். கலப்பில்லாத எல்கே-99 படிகமோ மின்சாரத்தையே கடத்தவில்லை.

குளிர் வேண்டாத மீகடத்தியைத் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. 1911-ல் நெதர்லாந்தின் லைடனில் பாதரசத்தோடு மைனஸ் 269-ல் தொடங்கியது, 2019-ல் லாந்தனம் ஹைட்ரைடில் (லாந்தனம் என்ற உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) மைனஸ் 23 வரை வந்துவிட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குக் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 17 லட்சம் மடங்கு அழுத்தம் வேண்டும். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் துகள் அது. அதைக் கம்பியாக இழுத்து டர்பனுக்குக் கொண்டுவர முடியுமா?

அப்புறம், லோட் ஷெடிங் வந்தது கம்பியால் அல்ல, அடிக்கடி பழுதாகி நின்ற நிலக்கரி மின் நிலையங்களால். கேபிள் இணைப்பு வேலையிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன். செம்புக் கேபிளையே ராத்திரியோடு வெட்டிக்கொண்டு போகிற ஊரில் இந்த அதிசயக் கம்பியை யார் காவல் காப்பது என்பது தனிக் கதை.

சரி, இனி செய்ய வேண்டியது. ஒரு துண்டைக் குவாசுலு-நடால் பல்கலைக்கழக இயற்பியல் துறையிடம் கொடுக்க அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். மின்தடை பூஜ்யமா, காந்தப்புலத்தை வெளியே தள்ளுகிறதா, மீகடத்திக்கு அடையாளமான இந்த இரண்டையும் அவர்கள் அளக்கட்டும். மறுத்தால், இது கமிட்டியின் பரிந்துரை இல்லை என்று வரும் ஞாயிறு மைக்கில் சொல்லுங்கள். அன்று பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் ஆயாக்கள், தாத்தாக்கள். பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. பணம் கட்டுவதற்குள் அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் தொழிலாளி,
சாட்ஸ்வொர்த், டர்பன்